ஆயில் எங்கே போச்சு? பழைய புல்லட்டும் பொய் சொல்லும் டிப்ஸ்டிக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன வாரம் ரயிலைப் பத்திப் பேசினோம். இந்த வாரம் ரொம்பச் சின்ன விஷயம். ஒரு லிட்டர் ஆயில். அதுவும் முழுசா ஒரு லிட்டர்கூட இல்ல. ஆனா அந்த ஒரு லிட்டருக்குப் பின்னால நூறு வருஷத்துக்கு மேல கதை இருக்கு. அது தெரியாமப் போனதால ஒரு நல்ல இன்ஜினை நானே காயலான் கடைக்கு அனுப்பப் பார்த்தேன்.

என் சித்தப்பாவோட வண்டி. எண்பதுகள்ல வாங்கின புல்லட் 350, காஸ்ட் அயர்ன் இன்ஜின், வலது கால்ல கியர். அவருக்கு முட்டி வலி வந்து ஓட்டுறதை நிறுத்தினதுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் வீட்டு வாசல்ல, தார்ப்பாய்க்கு அடியில சும்மா நின்னுச்சு. "நீ எடுத்துக்கோடா, நிறுத்தி வச்சா வீணாப் போயிடும்"னு கொடுத்தார். நானும் இன்டர்நெட்ல படிச்ச மாதிரி பொறுப்பா, கிக் அடிக்கிறதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். நுனியில கொஞ்சம் ஈரம். அவ்வளவுதான். கீழ்க்கோட்டைக்கூட ஆயில் தொடல. "ரெண்டு வருஷத்துல எங்கயோ ஒழுகிடுச்சு போல"ன்னு நினைச்சேன். தரையில ஒரு சொட்டுக் கறை இல்லையேங்கிற கேள்வி அப்போ எனக்கு வரல. ஒரு லிட்டர் கேனை உடைச்சு, மேல்கோடு வர்ற வரைக்கும் ஊத்தினேன்.

கிக்கர் கல்லு மாதிரி இருந்துச்சு. எப்படியோ ஸ்டார்ட் ஆச்சு. தெருவே நீலம் கலந்த வெள்ளைப் புகை. சரி, பழைய வண்டி, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்னு எடுத்துட்டுக் கிளம்பினேன். ரெண்டு கிலோமீட்டர்ல ஒரு வளைவு. பின் டயர் சறுக்கி, வண்டி பக்கவாட்டுல போச்சு. கால் ஊனித் தப்பிச்சேன். இறங்கிப் பார்த்தா பின் சக்கரத்தோட பக்கச்சுவர் முழுக்க ஆயில்.

பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். பேர் வேண்டாம். புகையைப் பார்த்த உடனே "ரிங்கு போச்சு, போர் போச்சு, இன்ஜின் இறக்கணும்"னு ஒரு தொகை சொன்னாங்க. அந்தத் தொகைக்கு ஓடுற நிலைமையில இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம். சித்தப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்போ கொடுத்துடு, வேற என்ன பண்றது"ன்னார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கல. அதனாலதான் புதுப்பேட்டையில ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். அவர் இன்ஜினைத் தொடவே இல்ல. நான் சொன்னதைக் கேட்டுட்டு ஒரே ஒரு வரி சொன்னார்: "ஆயில் எங்கயும் போகல தம்பி, இடம் மாறி உட்கார்ந்திருந்துச்சு. நீ அது மேலயே இன்னொரு லிட்டர் ஊத்திட்ட."

இடம் மாறி உட்காருறதுன்னா என்ன? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

மோட்டார் சைக்கிள் பிறந்த காலத்தில், அதாவது 1900-ஐ ஒட்டிய வருடங்களில், இன்ஜினுக்குள் ஆயில் சுற்றி வரவே இல்லை. உள்ளே போகும், வேலை செய்யும், எரிந்தோ ஒழுகியோ வெளியே போய்விடும். திரும்பி வராது. ஆங்கிலத்தில் 'டோட்டல் லாஸ்' என்று இதற்குப் பெயர். முழு நஷ்டம். பெட்ரோல் டேங்கிலேயே ஒரு தடுப்பு வைத்து ஆயிலுக்கும் இடம் ஒதுக்கியிருப்பார்கள். பக்கத்தில் சிரிஞ்சு மாதிரி ஒரு கைப்பம்பு. ஓட்டுகிறவர் சில மைல்களுக்கு ஒரு முறை அதை ஒரு தடவை அமுக்க வேண்டும். மேடு ஏறினால் கூட ஒன்று. வேகமாகப் போனால் இன்னும் ஒன்று. முதல் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்கு ஏறக்குறைய 30,000 டிரையம்ப் மாடல் எச் வண்டிகள் போயின. அவற்றிலும் இந்தக் கைப்பம்புதான். குண்டு விழுகிற ரோட்டில் தபால் கொண்டு போகிற சிப்பாய், ஒரு கையை எடுத்து ஆயில் அடித்துக்கொண்டே போக வேண்டும்.

சரி, எவ்வளவு அடிப்பது? அளவு காட்ட எதுவும் கிடையாது. அளவுகோல் பின்னால் வரும் புகைதான். மெல்லிய நீலப் புகை தெரிந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். புகையே இல்லையென்றால் பயப்பட வேண்டும், ஏனென்றால் அடுத்தது பிஸ்டன் பிடித்துக்கொள்வதுதான். நம்ம ஊர்ல 'சீஸ் ஆயிடுச்சு'ன்னு சொல்வோமே, அது. நடுரோட்டுல பின் சக்கரம் அப்படியே லாக் ஆகும். ஆளே போயிடலாம். ஆயில் கூடிப்போனா? பிளக்கில கரி பிடிக்கும். கழற்றித் துடைச்சுட்டுப் போயிட்டே இருக்கலாம். அந்தக் காலத்துப் பிளக்கை ரெண்டாப் பிரிச்சுச் சுத்தம் பண்ணவே முடியும், அந்த அளவுக்கு அது சாதாரண விஷயம்.

இதைக் கவனிங்க. குறைஞ்சா சாவு, கூடினா வெறும் அழுக்கு. இப்படிப் பார்த்தா எந்தப் பக்கம் தப்பு பண்ணுவீங்க? கூடுதல் பக்கம்தான். "கொஞ்சம் அதிகமா இருந்தா ஒண்ணும் ஆகாது" அப்படிங்கிற புத்தி இங்கேதான் பிறந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். அந்தக் கால இன்ஜினுக்கு அது சரியான புத்தியும்கூட.

ஒரு சின்னக் கிளைக்கதை. அந்த ஆயில் என்ன ஆயில்? பந்தயக்காரர்கள் தேடியது விளக்கெண்ணெய். ஆமாம், நம்ம பாட்டி கொடுக்கும் அதே விளக்கெண்ணெய். அது பெட்ரோலில் லேசில் கரையாது, சூட்டிலும் வழவழப்பு விடாது. காஸ்ட்ரால் என்கிற பெயரே 'காஸ்டர்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான், 1909-இல். முதல் உலகப் போர் விமானங்களில் இருந்த சுழல் இன்ஜின்களும் விளக்கெண்ணெய் குடித்தே பறந்தன, அவையும் முழு நஷ்ட முறைதான். அதற்கான ஆமணக்கு விதை இந்தியாவிலிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பல் ஏறியது. ஆமணக்குக் காட்டில் கொத்து ஒடித்த ஒருவருக்கு, அது வானத்தில் புகையாகப் போகும் என்று தெரிந்திருக்குமா தெரியாது. சரி, திரும்பி வருவோம்.

ஆயிலை வீணடிக்காமல் சுற்றவிட வழி தேடியபோது இரண்டு யோசனைகள் வந்தன. முதலாவது, இன்ஜினின் அடியிலேயே ஒரு தொட்டி. ஆயில் அங்கே கிடக்கும், பம்பு எடுத்து மேலே அனுப்பும், அது தானாக வழிந்து கீழே விழும். இது வெட் சம்ப். இரண்டாவது, ஆயிலை வேறொரு டேங்கில் வைப்பது. ஒரு பம்பு டேங்கிலிருந்து இன்ஜினுக்குக் கொடுக்கும். கீழே விழும் ஆயிலை இன்னொரு பம்பு உறிஞ்சித் திரும்ப டேங்குக்கே அனுப்பும். ஃபிளைவீல் சுழலும் அறை காலியாக, உலர்ந்து இருக்கும். அதனால் டிரை சம்ப். பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்காரர்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியில் போனார்கள். அந்தக் காலத்து இன்ஜின்களில் பெரிய இரும்பு ஃபிளைவீல்கள் இருக்கும். அவை ஆயிலுக்குள் சுழன்றால் இழுவை அதிகம் என்பது ஒரு காரணம். ஆயில் வெளியே இருந்தால் ஆறும் என்பது இன்னொன்று.

இதில் ராயல் என்ஃபீல்டு முன்னோடி. இங்கிலாந்தின் ரெடிச் ஊரில் 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தவர்கள், முதல் உலகப் போருக்கு முன்பே தங்கள் வி-ட்வின் வண்டியில் தானியங்கி பம்பு வைத்த டிரை சம்ப் கொண்டுவந்துவிட்டார்கள். அதில் ஆயில் டேங்க் கண்ணாடியால் ஆனது! சீட்டுக்குக் கீழே நிற்கும் குழாயில் ஒரு கண்ணாடிக் குடுவை. எவ்வளவு ஆயில் இருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். அந்தக் கண்ணாடி மட்டும் நிலைச்சிருந்தா இந்த எபிசோடே தேவைப்பட்டிருக்காது.

1930-களில் அவர்கள் இன்னொரு காரியம் செய்தார்கள். தனி டேங்கை எடுத்துவிட்டு, இன்ஜினின் கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே ஆயிலுக்கு ஓர் அறை கட்டிவிட்டார்கள். வெளியில் குழாய் இல்லை, ஒழுகும் இணைப்புகள் இல்லை. போருக்குப் பிறகு வந்த புல்லட்டிலும் இதேதான். முன்னால் ஃபிளைவீல் அறை, பின்னால் ஆயில் அறை, நடுவில் சுவர். பார்க்க ஒரே பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு வீடு.

1955-இல் இந்திய அரசு ராணுவத்துக்கும் போலீசுக்குமாக 350 சிசி புல்லட் 800 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதே ஆண்டு ரெடிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லா பாகங்களும் இங்கேயே. 1967-இல் ரெடிச் தொழிற்சாலை மூடப்பட்டது, 1970-இல் இங்கிலாந்தில் கதை முடிந்தது. திருவொற்றியூரில் மட்டும் 1955-இன் அந்த இன்ஜின் ஏறக்குறைய அப்படியே, ஐம்பது வருஷத்துக்கு மேல் தயாராகிக்கொண்டே இருந்தது. 1977-இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனதும் நடந்தது. 2010-ஐ ஒட்டித்தான் காஸ்ட் அயர்ன் இன்ஜின் நின்றது. அதாவது நான் ஆயில் ஊத்தினது எண்பதுகள்ல செஞ்ச வண்டியில. ஆனா அதோட ஆயில் ஏற்பாடு முப்பதுகளோடது. நான் டிப்ஸ்டிக்கைப் படிச்சதோ, 2020-களோட கண்ணால.

இப்போ அந்தச் சுவருக்கு வருவோம். ரெண்டு அறைக்கும் நடுவுல பம்பு இருக்கு. ஓடும்போது பம்பு ஆயிலை நகர்த்தும், நிற்கும்போது அதே பம்பு கதவு மாதிரி மூடி இருக்கணும். புல்லட் பம்புல ஸ்பிரிங் அழுத்தத்துல ஒரு வட்டு, வழவழப்பான முகத்தோட ஒட்டி உட்கார்ந்து ஆடும். புதுசுல அது நல்லா மூடும். இருபது, முப்பது வருஷத்துல முகம் தேயும், கோடு விழும். அப்புறம் வண்டி நிற்கும்போது ஆயில் அந்த இடுக்கு வழியா மெதுவா, சொட்டுச் சொட்டா, பின் அறையிலிருந்து ஃபிளைவீல் அறைக்கு இறங்கும். ஒரு ராத்திரியில பெருசாத் தெரியாது. ஒரு மாசம் நின்னா தெரியும். ரெண்டு வருஷம் நின்னா ரெண்டு அறையிலயும் மட்டம் சமமாகுற வரைக்கும் இறங்கிடும். இங்கிலாந்துல இதுக்கு 'வெட் சம்ப்பிங்'னு பேர். உலர்ந்து இருக்க வேண்டிய அறை நனைஞ்சு போறது.

டிப்ஸ்டிக் எந்த அறையில இருக்கு? பின் அறையில. அது தன் அறையைப் பத்தி உண்மைதான் சொல்லுது. முழு இன்ஜினைப் பத்திக் கேட்டாதான் அது பொய்.

தனி டேங்க் வைத்த பிஎஸ்ஏ, டிரையம்ப், நார்ட்டன் வண்டிகளிலும் இந்தக் கோளாறு உண்டு. நார்ட்டன் கமாண்டோ இதில் பேர்போனது. டேங்க் மேலே, இன்ஜின் கீழே என்பதால் முழு டேங்கும் இறங்கிவிடும். அதற்கு அங்கே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள்: டேங்கிலிருந்து வரும் குழாயில் ஒரு டேப். நிறுத்தும்போது மூடு, எடுக்கும்போது திற. எவ்வளவு எளிது! திறக்க மறந்தவர்கள் இன்ஜினையே எரித்தார்கள். ஆயில் கொஞ்சம் இறங்கும் ஒரு சின்னத் தொல்லையைத் தடுக்கப் போய், ஆயிலே இல்லாமல் ஓட்டும் பெரிய ஆபத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். புல்லட்டில் குழாயே இல்லாததால் டேப் வைக்க வழியில்லை. அது ஒரு விதத்தில் நமக்கு நல்லது.

சரி, கூடினா உண்மையிலேயே என்னதான் ஆகும்? புல்லட் 350-யோட சிலிண்டர் 346 சிசி. ஒரே பிஸ்டன். அது கீழே வரும்போதெல்லாம் அடியில இருக்கிற காத்து 346 சிசி அளவுக்கு நசுங்கும், மேலே போகும்போது அதே அளவு விரியும். இந்த மூச்சை வெளியே விடத்தான் பிரீதர்னு ஒரு வழி இருக்கு. ஃபிளைவீல் அறையில ஒரு லிட்டர் ஆயில் நின்னா, காத்துக்கு இடம் குறையும், அழுத்தம் ஏறும். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல சுத்துற ஃபிளைவீல் அந்த ஆயிலைக் கடையும். மோர் கடையிற மாதிரி நுரை வரும். நுரையை பம்பு பண்ணினா பேரிங்குக்குப் போறது பாதி ஆயில், பாதி காத்து. மிச்சம் எங்கெல்லாம் வழி கிடைக்குதோ அங்கெல்லாம் போகும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி மேலே போனா நீலப் புகை, பிளக்கில கரி. சீலைத் தள்ளிக்கிட்டுப் பக்கத்துல போனா கிளட்ச் கேஸ். பிரீதர் வழியா வெளியே வந்தா செயினு, அங்கேருந்து பின் டயர்.

என் கேஸ்ல நடந்தது இதுதான். ஸ்டார்ட் பண்ணின உடனே, திருப்பி எடுக்கிற பம்பு தன் வேலையைச் செஞ்சுச்சு. கொடுக்கிற பம்பைவிட அதுக்குக் கொள்ளளவு அதிகம், அதனால கொஞ்ச நிமிஷத்துலயே முன் அறையைக் காலி பண்ணப் பார்க்கும். ஆனா பின் அறையில இடம் எங்க இருக்கு? அதைத்தான் நான் நிரப்பி வச்சிருக்கேனே. வழிஞ்சு திரும்ப முன் அறைக்கே வந்துச்சு. புகையைப் பார்த்து ரிங்கு போச்சுன்னு சொன்னவங்க முழுக்கத் தப்புன்னு சொல்லமாட்டேன், ரிங்கு தேஞ்சாலும் இதே புகைதான் வரும். ஆனா ரெண்டு வருஷம் நின்ன டிரை சம்ப் வண்டின்னு சொன்னதுக்கு அப்புறமும் கேட்க வேண்டிய முதல் கேள்வியை அவங்க கேட்கல.

எனக்கு இன்னொரு சந்தேகம். இந்தியாவுல இந்தப் பழக்கம் இவ்வளவு ஆழமா இருக்கிறதுக்கு டூ-ஸ்ட்ரோக் வண்டிகளும் ஒரு காரணம்னு தோணுது. ராஜ்தூத், ஜாவா, யெஸ்டி எல்லாம் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடியவை. பங்க்கில் பெட்ரோல் போடும்போதே டூ-டி ஆயிலும் சேர்த்து ஊற்றச் சொல்வார்கள். 1985-இல் வந்த ஆர்எக்ஸ் 100-இல் ஆயிலுக்குத் தனி டேங்க், தானாகக் கலந்துகொள்ளும். இவை எல்லாமே ஒரு விதத்தில் அந்தப் பழைய முழு நஷ்டக் கணக்கின் வாரிசுகள். ஆயில் போகும், எரியும், திரும்பாது. கூடினால் புகை, குறைந்தால் சீஸ். அந்த வண்டிகளில் கை பழகிய ஒரு தலைமுறை மெக்கானிக்குகள், "கொஞ்சம் சேர்த்தே ஊத்து" என்று சொன்னதில் ஆச்சரியம் இல்லை.

அதே 1985-இல்தான் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. ஃபோர்-ஸ்ட்ரோக், வெட் சம்ப். இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில். 1958-இல் ஹோண்டா சூப்பர் கப் உலகத்துக்குக் காட்டிய வழி. இங்கே புது விதமான தப்பு ஆரம்பித்தது. இந்த மாதிரி ஹோண்டாக்களில் டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு, மரை சுற்றாமல், சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். வேறு சில வண்டிகளில் முழுக்கத் திருகி எடுத்துப் பார்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஒரு மரையளவு ஆயில் கூடவோ குறையவோ தெரியும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது பார்த்தாலும் அதே கதை. 2008-க்குப் பிறகு வந்த யூசிஇ இன்ஜின் புல்லட்களும் வெட் சம்ப்தான். அவற்றில் வலது பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. கண்ணாடிக் குடுவை ஒரு வழியாகத் திரும்பி வந்துவிட்டது, ரொம்பச் சின்னதாக.

இன்னொரு தப்பு கேனில் இருக்கு. மேனுவல்ல கொள்ளளவுன்னு போட்டிருப்பாங்க. பழைய புல்லட்டுக்கு ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல. அது காஞ்சு கிடக்கிற புது இன்ஜினுக்கான கணக்கு. ஆயில் மாத்தும்போது பழசு முழுக்க வெளியே வராது. ஃபில்டர் இருக்கிற இடத்துல, பாதைகள்ல, சுவர்ல எல்லாம் கொஞ்சம் தங்கிடும். அது மேல மேனுவல் கணக்குப்படி ஊத்தினா கூடத்தான் செய்யும். போதாக்குறைக்கு, கேன்ல கால்வாசி மிச்சமானா நம்ம கை சும்மா இருக்காது. காசு கொடுத்து வாங்கினது, அதையும் ஊத்திடுவோம். நான் பார்த்த வரைக்கும் கூடிப்போன ஆயில்ல பாதி இந்த மிச்சம்தான்.

பெரியவர் என்னைப் பண்ணச் சொன்னதை அப்படியே சொல்றேன். உங்க வண்டியும் காஸ்ட் அயர்ன் புல்லட்டா இருந்தா உதவும். முதல்ல, அந்த வண்டியை ஓட்டிட்டு வராதே, தள்ளிட்டு வான்னார். பின் டயர்ல ஆயில் இருக்கும்போது அது பேச்சே இல்ல. டயரையும் ரிம்மையும் சோப்புத் தண்ணி போட்டுக் கழுவச் சொன்னார். டிரம்முக்குள்ள ஆயில் போயிருக்கான்னு பின் பிரேக்கைப் பிரிச்சுப் பார்த்தார், நல்லவேளை போகல. போயிருந்தா லைனிங் மாத்த வேண்டியிருந்திருக்கும்.

அப்புறம் ஆயிலை மோந்து பார்க்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பா இருந்துச்சு, ஆனா அது முக்கியமான சோதனை. ஆயில் தானா 'கூடி' இருந்தா, ஒருவேளை கூடினது ஆயிலே இல்லாம பெட்ரோலா இருக்கலாம். பழைய பெட்ரோல் டேப் மூடாம, கார்புரேட்டர் ஃப்ளோட்டும் தேஞ்சிருந்தா, பெட்ரோல் இன்ஜினுக்குள்ள இறங்கும். பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணி மாதிரி ஆயிடும், பேரிங்கைக் காப்பாத்தாது. அந்த வாசனை வந்தா கொஞ்சம் எடுத்துச் சரி பண்றதெல்லாம் கிடையாது. முழுக்க இறக்கிட்டு, டேப்பைச் சரி பண்ணிட்டு, புது ஆயில். என்னோடதுல அந்த வாசனை இல்ல.

புல்லட்டுக்கு அடியில ஒண்ணுக்கு மேற்பட்ட டிரெயின் போல்ட்டுகள் உண்டு. ஒண்ணு பின் அறையைக் காலி பண்ணும், இன்னொண்ணு ஃபிளைவீல் அறையை. எது எதுன்னு தெரியாம கை வைக்காதீங்க. அவர் ஃபிளைவீல் அறையோடதைத் திறந்தார். உலர்ந்து இருக்க வேண்டிய அறையிலிருந்து கறுப்பா ஆயில் கொட்டிக்கிட்டே இருந்துச்சு. போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது ரொம்ப முறுக்கல. "இது அலுமினியம், உன் பலத்தை இதுகிட்ட காட்டாதே"ன்னார். அங்க மரை தேஞ்சு ஒழுகுற வண்டிகள் எத்தனையோ.

அதுக்கப்புறம் சென்டர் ஸ்டாண்டு. ஸ்டார்ட் பண்ணி, அஞ்சு நிமிஷம் போல மிதமா ஓட விட்டார். இதுதான் மொத்த விஷயத்தோட முடிச்சு: இறங்கின ஆயிலைத் திருப்பி அதோட வீட்டுக்கு அனுப்ப இன்ஜினுக்கு நேரம் கொடுக்கணும். ஆஃப் பண்ணி, ஒண்ணு ரெண்டு நிமிஷம் விட்டு, அப்போதான் டிப்ஸ்டிக். ஒரு ராத்திரி தாண்டிப் பார்த்தா மறுபடியும் பொய்தான். வெட் சம்ப் வண்டிக்காரங்க காலையில ஆறின இன்ஜின்ல பார்க்கலாம், அவங்க ஆயில் எங்கயும் போகாது. இந்த இன்ஜினுக்கு அது சரிவராது. அப்பவும் மேல்கோட்டுக்குக் கொஞ்சம் மேல இருந்துச்சு. அதுக்கு போல்ட்டெல்லாம் கழற்றல. ஒரு பெரிய சிரிஞ்சு, முனையில மெல்லிசான பிளாஸ்டிக் டியூப். ஆயில் ஊத்துற வாய் வழியா விட்டு உறிஞ்சி எடுத்தார். ரெண்டு தடவை. மட்டம் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல வந்து நின்னுச்சு. இந்த வண்டிக்கு நடுவுல இருந்தாலே போதும், மேல்கோட்டைத் துரத்தாதேன்னார்.

புகை உடனே நிக்கல. சைலன்சருக்குள்ள படிஞ்ச ஆயில் எரிஞ்சு முடியணுமே. வீட்டுக்கு வர்ற வழியில பின்னால வந்த ஆட்டோக்காரர் என்னைத் திட்டினார், நியாயம்தான். மூணாவது நாள் புகை இல்ல. இன்ஜினைத் திறக்கவே இல்ல. சிரிஞ்சு, டியூப், புது பிளக், பெரியவருக்கு நான் கட்டாயப்படுத்திக் கொடுத்த கூலி, அவ்வளவுதான் செலவு.

பம்பு தேஞ்சிருக்கிறது உண்மைதான், அது அப்படியேதான் இருக்கு. அதைச் சரி பண்ணலாம்: வட்டோட முகத்தையும் அது உட்கார்ற முகத்தையும் மெல்லிசான பேஸ்ட் போட்டுத் தேய்ச்சு மட்டமாக்குவாங்க. தெரிஞ்ச கை செய்யணும். இப்போதைக்கு நான் வேற வழி வச்சிருக்கேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது வண்டியை நல்லாச் சூடாகுற அளவுக்கு ஓட்டுறேன். ஒரு மாசத்துக்கு மேல நின்னா, கிக் அடிக்கிறதுக்கு முன்னாடி ஃபிளைவீல் அறை போல்ட்டைத் திறந்து வர்றதைச் சுத்தமான பாத்திரத்துல பிடிச்சு, அளந்து, அதையே பின் அறையில ஊத்திடுவேன். புது ஆயில் ஒரு சொட்டு சேர்க்குறது கிடையாது. பழைய ஆயிலைச் சாக்கடையில விடாதீங்க, ஒர்க்‌ஷாப்புகள்ல டிரம் வச்சிருப்பாங்க, அதை வாங்குறவங்க இருக்காங்க.

அன்னிக்கு ஃபிளைவீல் அறையிலயும் சிரிஞ்சுலயும் எடுத்ததை அளந்து பார்த்தேன். தொள்ளாயிரம் மில்லிக்குக் கொஞ்சம் மேல. நான் கேனிலிருந்து ஊத்தினதும் கிட்டத்தட்ட அதேதான்.

சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டு சத்தம் கேட்க விட்டேன். ஒண்ணும் சொல்லல, கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம், "டேப்பெட் சத்தம் வருதே, பார்த்தியா?"ன்னார். அது இன்னொரு எபிசோடு.

அடுத்த வாரம் சந்திப்போம். உங்க வீட்டுல இப்படி நிக்கிற பழைய வண்டி இருந்தா, அது என்ன வண்டி, எவ்வளவு நாளா நிக்குதுன்னு எழுதுங்க. கிக் அடிச்சதுக்கு அப்புறம் இல்ல, முன்னாடி.